புதுப் பாத்ரூமில் ஷவர் அழுகிறது!
டேங்க் உயரம் என்ன? குழாய் அகலம் என்ன? சுவருக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

தூத்துக்குடி:-

பழைய பாத்ரூமை இடிக்கிறார்கள். தரையில் இருந்து உச்சி வரை டைல்ஸ் ஒட்டுகிறார்கள். தலைக்கு மேலே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு ஷவர். வெள்ளி மாதிரி மின்னுகிறது. பால் காய்ச்சாத குறைதான்!

முதல் நாள் குளிக்கப் போகும் வீட்டுக்காரர் குழாயைத் திருப்புகிறார். மழை கொட்டும் என்று அண்ணாந்து பார்க்கிறார். நாலு சொட்டு மூக்கில் விழுகிறது. பிறகு ஓரத்து ஓட்டைகளில் மட்டும் நூல் மாதிரி ஒழுகுகிறது. தலையில் தேய்த்த ஷாம்பு இறங்குவதற்குள் ஆபீசுக்கு நேரம் ஆகிவிடுகிறது.

மறுநாள் பழைய வாளியும் செம்பும் பாத்ரூமுக்குத் திரும்பி வந்துவிடுகின்றன.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. ஊரில் எந்த ஹார்டுவேர்ஸ் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றாலும் காதில் விழுகிற கதை. கடைக்காரரைக் கேட்டால், "அண்ணாச்சி, இது கம்பெனி ஷவர். இதுல குறையே வராது. பிளம்பரைப் பாருங்க" என்பார். பிளம்பரைக் கேட்டால், "லைன் எல்லாம் கரெக்டாத்தான் போட்டிருக்கேன். சாமான் வாங்கின இடத்துல கேளுங்க" என்பார். இரண்டு பேரும் ஒத்துப்போகிற இடம் ஒன்றுதான். "கார்ப்பரேஷன் தண்ணியில ஃபோர்ஸ் இல்ல!"

இந்த மூன்றாவது பதில்தான் சுத்தமாகத் தப்பு.

தெருக்குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அந்த வேகம் வீட்டுத் தொட்டியோடு முடிந்துபோகிறது. தொட்டியில் இருந்து மோட்டார் போட்டு மேல் டேங்குக்கு ஏற்றுகிறோம். ஷவருக்கு வருவது டேங்க் தண்ணீர். அதைக் கீழே தள்ளுவது மாநகராட்சி அல்ல, டேங்கின் உயரம். உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் வேகம். ஒரு இம்மி கூடாது!

முத்துக் குளித்தவர்களுக்குத் தெரிந்த கணக்கு

கடலுக்குள் 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி இறங்கினால், மேலே உள்ள காற்றின் அழுத்தம் போக, தண்ணீர் மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோ கனத்தோடு அமுக்குகிறது. இதைத்தான் ஏறக்குறைய ஒரு 'பார்' என்கிறார்கள். 1961-ம் ஆண்டோடு நின்றுபோன முத்துக் குளிப்பில், இடுப்பில் கயிறு கட்டிக் குதித்தவர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் இதைக் காதால் அறிந்திருந்தார்கள். இன்றைக்கும் திரேஸ்புரத்தில் இருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் அறிவார்கள். ஆழம் கூடக் கூடக் காதை அடைக்கும்.

கடலில் ஆழம் என்பது வீட்டில் உயரம்! டேங்கில் இருக்கும் தண்ணீரின் மேல்மட்டத்தில் இருந்து ஷவர் எத்தனை அடி கீழே இருக்கிறதோ, அத்தனை அடி ஆழத்துக் கனம்தான் ஷவருக்குக் கிடைக்கும்.

இதோ கணக்கு:-

மாடி இல்லாத வீடு. தரையில் இருந்து ஒட்டு 10 அடி. ஒட்டின் கனம் அரை அடி. தட்டட்டியில் 2 அடிக்குச் செங்கல் கட்டி அதன் மேல் 1,000 லிட்டர் டேங்க். ஆக, டேங்கின் அடி 12½ அடி உயரத்தில் இருக்கிறது. ஷவர் இருப்பது 7 அடியில். வித்தியாசம் வெறும் 5½ அடி. டேங்க் நிரம்பி இருந்தால் உள்ளே இருக்கும் மூணரை அடித் தண்ணீரையும் சேர்த்து 9 அடி.

33 அடிக்கு ஒரு பார் என்றால் 9 அடிக்கு என்ன? கால் பாருக்குச் சற்று மேலே. டேங்க் காலியாக ஆக அதுவும் குறைந்து ஒரு பாரில் ஆறில் ஒரு பங்கை ஒட்டி வந்து நிற்கும்.

இப்போது ஷவர் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துப் பாருங்கள். அகலமான மழை ஷவர்கள் பலவற்றில் குறைந்தது அரை பார், ஒரு பார் வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு பாருக்கு டேங்க் 33 அடி மேலே இருக்க வேண்டும். மூன்று மாடி உயரம்! வாங்கும்போது மினுமினுப்பைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

அதே பாத்ரூமில் வாளிக்குழாய் மட்டும் சீறுகிறதே, அது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. வாளிக்குழாய் தரையில் இருந்து இரண்டரை அடியில் இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் உயரம் 10 அடி. ஷவருக்குக் கிடைப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே ஒரே வாய் வழியாக வருகிற தண்ணீர் இங்கே நூறு பொடி ஓட்டைகளில் பிரிய வேண்டும். அழாமல் என்ன செய்யும்?

மாடி வீட்டில் இன்னொரு வேடிக்கை. கீழ்த்தளத்தில் இருக்கும் சாதாரண பாத்ரூமில் ஷவர் சுமாராகக் கொட்டும். பெருஞ்செலவு செய்து கட்டிய மாடி பாத்ரூமில்தான் ஒழுகும். டேங்குக்கு நெருக்கமாக இருப்பது மாடி பாத்ரூம். நெருக்கம்தான் அங்கே வினை!

'அரை இஞ்ச்' என்றால் அரை இஞ்ச் இல்லை

"எல்லாம் சரி. பழைய பாத்ரூமிலும் இதே டேங்க்தானே, அப்போது நன்றாக வந்ததே?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. பதில் சுவருக்குள் இருக்கிறது.

பழைய வீடுகளில் இரும்புக்குழாய். 'ஜி.ஐ. பைப்' என்பார்கள். அரை இஞ்ச் இரும்புக்குழாயின் உள்துவாரம் சுமார் 16 மில்லிமீட்டர். இப்போது வெந்நீர் தாங்குவதற்காகப் போடுகிற சி.பி.வி.சி. குழாயும் 'அரை இஞ்ச்' என்றே விற்கிறது. ஆனால் அதன் உள்துவாரம் 12, 13 மில்லிமீட்டர்தான். மூன்று, நாலு மில்லிமீட்டர்தானே குறைவு என்று நினைக்க வேண்டாம். குழாய் கொஞ்சம் ஒடுங்கினாலும் உராய்வு பல மடங்கு ஏறும். அதே அளவு தண்ணீரைத் தள்ள இந்தக் குழாயில் சுமார் மூன்று மடங்கு வேகம் வீணாகிறது. ஒரு இஞ்ச் குழாய்க்குப் பதில் அரை இஞ்ச் போட்டால் 30 மடங்கு வரை வீணாகும்.

தெருக்குழாயில் வேகம் அதிகம் உள்ள ஊரில் இந்த நஷ்டம் பெரிதாகத் தெரியாது. கால் பாரில் ஓடும் வீட்டில் இருப்பதே அவ்வளவுதான். அதில் திருடு போனால் மிச்சம் என்ன?

புதுக்குழாய் மேல் பழி மட்டும் போடக்கூடாது. பழைய இரும்பு உள்ளே துருப்பிடித்து, பென்சில் நுழையாத அளவுக்கு அடைத்துக்கொள்ளும். புதியது துருப்பிடிக்காது. தப்பு குழாயில் இல்லை, அளவில்தான் இருக்கிறது. டேங்கில் இருந்து ஒண்ணேகால் இஞ்ச், பாத்ரூம் வரை ஒரு இஞ்ச் அல்லது முக்கால் இஞ்ச், கடைசி நாலடிக்கு மட்டும் அரை இஞ்ச் என்று இறக்கினால் பாதித் தொல்லை தீர்ந்தது. அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு வரிசை டைல்ஸ் விலைகூட வராது. கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு யாருக்கும் காசு கொடுக்க மனசு வருவதில்லை, அதுதான் விஷயம்.

இன்னும் இருக்கிறது. சாமான் கூடக் கூட வளைவும் கூடும். வெந்நீர்க் குழாய், தண்ணீர்க் குழாய், இரண்டையும் கலக்கும் டைவர்ட்டர், கை ஷவர், மழை ஷவர், பக்கத்தில் வாஷ் பேசின், டாய்லெட்டுக்கு ஒரு கிளை. ஒவ்வொரு எல்போவும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடிக்கிறது. ஹீட்டருக்குள் தண்ணீர் திரும்பிப் போகாமல் இருக்க ஒரு வால்வு இருக்கும். அதைத் தள்ளித் திறக்கவே கொஞ்சம் வேகம் செலவாகும். வெந்நீர்ப் பக்கம் திருப்பினால் மட்டும் ஷவர் படுத்துக்கொள்வது இதனால்தான்.

ஒரு வாளி, ஒரு கடிகாரம்

சுவரை உடைக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காலணா செலவில்லை.

ஷவர் தலையைக் கழற்றுங்கள். வெறும் குழாய்க்கு அடியில் வாளியை வைத்து ஒரு நிமிஷம் பிடியுங்கள். பிறகு ஷவரை மாட்டி மறுபடி ஒரு நிமிஷம் பிடியுங்கள். கழற்றியபோது நன்றாக வந்து, மாட்டிய பிறகு குறைந்தால் குற்றவாளி ஷவர். கழற்றியபோதே வரவில்லை என்றால் குற்றவாளி சுவருக்குள் இருக்கிறார்.

ஷவர்தான் என்று தெரிந்தால் முதலில் சல்லடையைப் பாருங்கள். பிளம்பிங் வேலை முடிந்த வீட்டில் குழாய் அறுத்த பிளாஸ்டிக் துருவல், மணல், சிமெண்டுத் தூள், மரையில் சுற்றிய டேப்பின் துணுக்கு எல்லாம் தண்ணீரோடு கிளம்பி ஷவர் வாயில் வந்து உட்காரும். வேலை முடிந்ததும் ஷவரை மாட்டாமல் பத்து நிமிஷம் குழாயைத் திறந்துவிட்டிருந்தால் இந்த வில்லங்கமே வராது. டேங்க் அடியில் உள்ள கேட் வால்வை வேலைக்காக மூடிவிட்டு, பாதி மட்டும் திறந்து வைத்த வீடுகளும் உண்டு. சிரிக்காதீர்கள், ஏறிப் பாருங்கள்.

ஆறு மாதம் நன்றாக வந்த ஷவர் பிறகு சுணங்கினால் அது உப்பு. உப்பளம் சூழ்ந்த ஊர் இது. நாட்டில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த பெயர் தூத்துக்குடிதான். போர் போட்டால் உப்புத் தண்ணி. 'நல்ல தண்ணி'யைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, குளிக்க போர் தண்ணீரை விடும் வீடுகள் ஏராளம். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு ஷவரின் பொடி ஓட்டைகளில் வெள்ளையாகப் படிந்து அடைக்கிறது. ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, காலையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் போட்டால் உப்போடு முலாமும் போய்விடும்!

அமெரிக்காவிலும் ஷவர் சண்டை

ஷவர் பிரஷர் வல்லரசின் தலைவலியாகவும் ஆனது. 2025 ஏப்ரல் 9-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், ஷவர் தண்ணீருக்கு என்றே ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தலைமுடி நனையவே 15 நிமிஷம் ஷவரின் கீழ் நிற்க வேண்டியிருக்கிறது என்று அவர் குறைப்பட்டார். அங்கே 1992-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ஷவர் நிமிஷத்துக்கு 2½ காலன், அதாவது சுமார் 9½ லிட்டருக்கு மேல் விடக்கூடாது. ஒரே ஷவரில் பல வாய்கள் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதா, தனித்தனியாகவா என்பதுதான் வழக்கு. ஒபாமா ஒரு விதமாகச் சொன்னார், டிரம்ப் மாற்றினார், பைடன் திருப்பினார், டிரம்ப் மறுபடி மாற்றினார்.

அவர்களுக்குத் தெருக்குழாயிலேயே, 90 அடி உயரத்தில் டேங்க் வைத்ததற்குச் சமமான வேகம் வருகிறது. அதைக் குறைப்பது அவர்கள் கவலை. நமக்கு இருப்பதே 9 அடி. எந்த ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாலும் நம் தட்டட்டி டேங்க் எழுந்து நிற்காது.

மோட்டாரில் ஆரம்பிக்கும் வம்பு

இதுவரை சொன்னது வீட்டுக்குள் நடக்கும் சங்கடம். இனி வருவது தெருவுக்கு வரும் சங்கடம்.

ஷவர் அழுகிறது என்றதும் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். தெருக்குழாய் இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி நேராக உறிஞ்சுகிறார்கள். டேங்க் எப்போதும் தளும்பி நிற்கும், வேகமும் கூடும் என்று நினைப்பு. டேங்க் தளும்பும். பக்கத்து வீட்டுக் குழாயில் காற்று வரும்!

தூத்துக்குடி மேடு பள்ளம் இல்லாத கடற்கரை ஊர். குடிநீர் தாமிரபரணியில் இருந்து வருகிறது. வல்லநாட்டில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர் குழாயில் பயணம் செய்து ஊருக்கு வந்து சேர்கிறது. 1927-ம் ஆண்டு அந்தத் தண்ணீரை முதன்முதலில் கொண்டுவந்தவர் அன்றைய நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து. அதனால்தான் அவருக்கு ஊருக்குள் சிலை. இன்றைக்கு ஊர் பெருத்துவிட்டது, 2008-ம் ஆண்டு மாநகராட்சியும் ஆகிவிட்டது. நாலாவது பைப் லைன் வரை போட்டாகிவிட்டது. ஆனாலும் தண்ணீர் வருவது அதே நதியில் இருந்துதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, ஊரைச் சுற்றி வெள்ளம் நின்றது, குழாயில் தண்ணீர் இல்லை. குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மாடி இல்லாத வீடுகள் உள்ள இடத்தில் தெருக்குழாயில் குறைந்தது 7 மீட்டர் உயரம் ஏறும் வேகம் இருக்க வேண்டும், ஒரு மாடி என்றால் 12 மீட்டர், இரண்டு மாடி என்றால் 17 மீட்டர் என்று மத்திய அரசின் 1999-ம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு சொல்கிறது. காகிதத்தில் அப்படி. தமிழ்நாட்டில் தெருக்கோடி வீடுகளில் குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி, பள்ளத்துக்குள் குனிந்து குடம் பிடிக்கும் காட்சி எத்தனை ஊரில் இல்லை?

அந்த லைனில் தெருமுனை வீட்டுக்காரர் மோட்டார் போட்டால் கோடி வீட்டுக்கு வரவேண்டியது அவர் டேங்குக்குப் போகிறது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. மோட்டார் உறிஞ்சும்போது பூமிக்கடியில் உள்ள குழாய் காற்றில்லாமல் வெற்றிடம் ஆகிறது. எங்கேயாவது கீறல் இருந்து, பக்கத்தில் சாக்கடை ஓடினால், அந்த அழுக்கைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு வீட்டு ஷவருக்காக ஒரு தெருவுக்கே வயிற்றுப்போக்கு! குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைப்பது குற்றம். பிடிபட்டால் மோட்டாரும் போகும், இணைப்பும் போகும்.

வேகம் வேண்டும் என்றால் டேங்குக்குக் கீழே, டேங்குக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் பிரஷர் பம்ப் வைக்கலாம். அது தன் வீட்டுத் தண்ணீர், யாரும் கேட்க மாட்டார்கள். கரண்டு போனால் ஷவரும் போகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பம்ப் போட்ட மழை ஷவர் நிமிஷத்துக்கு 15 லிட்டர் விட்டால், பத்து நிமிஷக் குளியலுக்கு 150 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுக்க, குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து அதே மத்திய அரசுக் கையேடு சொல்லும் அளவே 135 லிட்டர்தான்! ஒண்ணரை வாளியில் குளித்தால் 25 லிட்டருக்குள் முடிந்துவிடும்.

பம்ப் வேண்டாம் என்றால் டேங்கை உயர்த்தலாம். மேலும் 5 அடி உயர்த்தினால் மேலே சொன்ன வீட்டில் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். ஆனால் 1,000 லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன் கனம். இது கடல் காற்று அடிக்கும் ஊர். நாலு செங்கல் அடுக்கித் தூக்கி வைக்கிற காரியம் இல்லை. தூண் மேல் வருகிற மாதிரி என்ஜினீயரிடம் காட்டித்தான் கட்ட வேண்டும்.

உடைத்தால் யார் செலவு?

டைல்ஸ் ஒட்டிய பிறகு குழாய் சிறிது என்று தெரிந்தால் உடைப்பது யார், கொடுப்பது யார்? இங்கேதான் சட்டைக் காலரைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை போகிறது.

வேலையை ஒப்படைக்கும்போது வாய்ப்பேச்சாகப் பேசிவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. எந்த அளவுக் குழாய், டேங்கில் இருந்து ஷவருக்குத் தனி லைனா, பொது லைனா என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சுவரைப் பூசும் முன் குழாய் ஓடும் பாதையைப் போட்டோ எடுக்க வேண்டும். அந்த நேரத்திலேயே டேங்கில் தண்ணீர் விட்டு, ஷவர் வரும் இடத்தில் வாளி வைத்து ஒரு நிமிஷம் பிடித்துப் பார்க்க வேண்டும். கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்டை மட்டும் செய்துவிட்டு "டெஸ்ட் ஓ.கே." என்று சொன்னால் ஏமாறக்கூடாது. அது குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கும் சோதனை. தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று சொல்லாது.

பணம் வாங்கிக்கொண்டு குறையாக வேலை செய்தவர் மீது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. சாதாரண பாத்ரூம் வேலை எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். பில்லும், எழுதிய தாளும், போட்டோவும் கையில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் நூறு ரூபாய் மிச்சம் என்று கடையில் சொல்வார்கள். அந்த நூறு ரூபாய் பில்தான் பிறகு சாட்சி.